கடல் பெருசு, கண்ணு

1

இந்த வாரம் எங்கள் ஊர்க் கடற்கரையில் இருந்த எச்சரிக்கைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். இங்கே குளிப்பது உடல்நலத்துக்கு ஆகாது என்று எழுதியிருந்த பலகை. கம்பம் மட்டும் நிற்கிறது. பள்ளியிலிருந்து என் மகள் இனியாவை அழைத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் வருவேன். பலகையை எடுத்துவிட்டார்கள் பார் என்றேன். பார்த்தாள். "ஓகே" என்றாள்.

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். கடல் பக்கத்திலேயே வீடாமே, தினமும் குளிப்பீர்களா? பொங்கலூர்க்காரர்களுக்குக் கடல் என்பது திருச்செந்தூர் போகும்போது காலை நனைத்துவிட்டு வருவது. அதனால் ஆசையாகக் கேட்கிறார்கள். இதுவரை சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவேன். ஆனால் எங்கள் சொந்தத்துக்குள் இந்தக் கதை வேறு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. சுமதி இங்கிலாந்துக்குப் போய் சொந்த மாமனையே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்பது அதன் சுருக்கம். நடந்தது என்ன என்று ஒருமுறையாவது முழுதாகச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். என் கணவர் கார்த்தி கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருக்கு இங்கே வேலை கிடைத்தபோது எந்த ஊர், எங்கே தங்குவது என்று ஒன்றும் தெரியாது. வேலை கிடைத்த ஊரின் பெயரைக் கேட்டதும் அம்மாதான் சொன்னாள், அது நம்ம வேலுச்சாமி இருக்கிற ஊர் ஆச்சே என்று.

வேலுச்சாமி மாமா அம்மாவுக்குப் பெரியப்பா மகன். சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், தறிகளை விற்றுவிட்டு எங்களுக்கெல்லாம் வெகு காலம் முன்பே இங்கே வந்துவிட்டார். பல வருடம் ஓட்டல்களில் வேலை செய்து, கடற்கரைக்கு மேலே இருக்கிற தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியாக நடத்தினார். விமான நிலையத்துக்கு அவரே வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு வாடகை வீடு அமைகிற வரை, ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்ட, அவர் வீட்டில்தான் இருந்தோம். சரசு அத்தை காலையில் விருந்தாளிகளுக்கு முட்டையும் ரொட்டியும் செய்து முடித்துவிட்டு எங்களுக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போடுவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இனியா அவர்களை, சொந்தத் தாய்வழித் தாத்தா பாட்டி போல, அப்புச்சி, அம்மாயி என்று கூப்பிட்டாள். அத்தைதான் அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தாள்.

நாங்கள் அங்கே இருந்தபோதுதான் மாமா பின்பக்கத்தில் இரண்டு அறை இழுத்துக் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு குளியலறை, கக்கூஸ். சனி ஞாயிறில் கார்த்தியும் அவருமாகச் சுவர் எழுப்புவார்கள். நான் செங்கல் எடுத்துக் கொடுப்பேன். ஊரில் வீடு கட்டுகிற மாதிரியே இருந்தது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு எனக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக் கூடத்தில் வேலை கிடைத்தது. அடுத்த தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டோம். இனியா கடலில் இறங்கினாள். மார்கரெட் என்று ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தி, குளிரோ வெயிலோ சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கடலில் நீந்த அழைத்துப் போவாள். தண்ணீரில் காலை வைக்கவே பயந்த எனக்குப் பிறந்தவள் மீன் மாதிரி ஆகிவிட்டாள். அவள் தமிழ் குறையக் குறைய நீச்சல் கூடியது. "அம்மா, கடல் இன்னைக்கு நல்ல மூடுல இருக்கான்" என்பாள். கடலை அவன் என்று சொல்லக்கூடாது, அது என்று சொல்ல வேண்டும் என்று திருத்துவேன். "எனக்கு அவன்தான்" என்று சொல்லிவிட்டு ஓடுவாள்.

மாமா கடற்கரைப் படியில் உட்கார்ந்து பிளாஸ்கில் டீயுடன் காத்திருப்பார். ஏறி வருகிறவளைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். அவர் ஒருநாளும் தண்ணீரில் கால் வைத்ததில்லை. குளிர் ஆகாது என்பார்.

3

அது மழையே இல்லாத கோடை. வாரக்கணக்கில் வெயில். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு சனிக்கிழமை நீந்திவிட்டு வந்தவள் திங்கட்கிழமை வாந்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பிறகு ரத்தமாகப் போனது. கார்த்தி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். தினமும் நோயாளிகளுக்கு ஊசி குத்துகிற மனிதர், மகளுடைய கையில் டிரிப் ஏற்றும்போது வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார்.

வெளியில் எங்கே சாப்பிட்டாள், மாட்டுப் பண்ணைக்குப் போனாளா, எங்கே குளித்தாள் என்று டாக்டர் கேட்டாள். கடலில் நீந்துவாள் என்றேன். குறித்துக்கொண்டாள். கடலிலிருந்துதான் வந்ததா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். அன்று முதல் இன்று வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது மார்கரெட்டிடமிருந்து ஒரு செய்தி வந்தது. டிஸ்சார்ஜ் ஆகியிருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். இன்னும் இல்லை, வெள்ளிக்கிழமை ஆகலாம் என்று டாக்டர் சொல்கிறார், விசாரித்ததற்கு நன்றி என்று பதில் போட்டேன். அவள் குழம்பிப்போய் போனில் கூப்பிட்டாள். நம் ஊரில் டிஸ்சார்ஜ் என்றால் ஒரே அர்த்தம்தான், பிழைத்து வீட்டுக்குப் போவது. இவள் சொன்னது குழாயிலிருந்து கடலுக்குள் கக்கூஸ் தண்ணீரைத் திறந்துவிடுவது. நீந்தப் போன வேறு இரண்டு பிள்ளைகளுக்கும் வயிறு கெட்டிருக்கிறதாம்.

மாமாவும் அத்தையும் தினமும் வந்தார்கள். அத்தை பிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுவருவாள். இனியாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுவாள். பாசத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். பாசமும்தான், அதை இப்போதும் நான் மறுக்கவில்லை.

4

இனியா வீட்டுக்கு வந்து தேறிக்கொண்டிருந்தபோது கடற்கரையில் பலகை நட்டார்கள். சோதித்த தண்ணீரில் மலத்தில் இருக்கும் கிருமி அளவுக்கு மேல் இருந்ததாம். சர்ச் மண்டபத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். நான் போனேன். மாமாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இங்கே சில பழைய தெருக்களில் மழைத்தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழை பெய்தால் குழாய் தாங்காமல் அப்படியே கடலுக்குத் திறந்துவிடுவார்கள். அதுதான் காரணம் என்று பாதிக் கூட்டம் கத்தியது. மழையே பெய்யவில்லையே, எங்கள் குழாய் திறக்கவே இல்லை என்றார் தண்ணீர்க் கம்பெனிக்காரர். நாய்களை மணலில் விடுகிறவர்கள்தான் காரணம் என்றார் ஒருவர். உருளைக்கிழங்கு வறுவலைப் போட்டுப் போட்டுக் கடற்பறவைகளைப் பெருக்கிவிட்டீர்கள் என்றார் இன்னொருவர். மாட்டுப் பண்ணைக்காரர் எழுந்து, மழை இல்லாமல் என் மாட்டுச் சாணம் எப்படி ஓடிவரும், ஓடையில் தண்ணீரே இல்லை என்றார்.

நம் ஊர் நகராட்சி மாதிரி இருக்கிற கவுன்சிலிலிருந்து ஹன்னா என்ற இளம்பெண் வந்திருந்தாள். மனிதர், நாய், மாடு, பறவை எல்லாருடைய குடலிலும் இந்தக் கிருமி உண்டு, எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் யாருடையது என்று தெரியாது, அதைப் பிரித்துச் சொல்கிற சோதனை தனியாக இருக்கிறது, அதைச் செய்யப்போகிறோம் என்று நிதானமாக விளக்கினாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், விடுதிகளைப் பாருங்கள் என்றார். ஆளாளுக்கு அறையை இழுத்து இழுத்துக் கட்டுகிறார்கள், எங்கிருந்தோ வந்தவர்களுக்கு இந்த ஊர்க் கடலைப் பற்றி என்ன அக்கறை என்றார். பேசியது பொதுவாகத்தான். ஆனால் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

நான் எழுந்துவிட்டேன். இத்தனை பேர் முன்னால் ஆங்கிலத்தில் பேசியதே இல்லை. என் பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்த ஊர் திருப்பூருக்குக் கீழே ஆற்றோரம். அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் சாயத்தண்ணீர் இறங்கி, மாடுகூட முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தண்ணீர் கெட்டால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் என்றேன். ஆஸ்பத்திரியில் கிடந்தது என் மகள். இவர் அவளுக்குத் தாத்தா மாதிரி. இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். கைதட்டினார்கள். நான் உட்கார்ந்ததும் மாமா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

5

சோதனை முடிவு வந்தது. கொஞ்சம் பறவை, மிகச் சொற்பமாக நாய். பெரும்பங்கு மனிதர்கள். கடற்கரையில் ஓடை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீரை மட்டும் கொண்டுவரும் குழாய் ஒன்று திறக்கிறது. அங்கேதான் எண்ணிக்கை எக்கச்சக்கம். மழை இல்லாத நாளில் அந்தக் குழாய் காய்ந்து கிடக்க வேண்டும். ஆனால் மெலிதாக ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவது அதற்குப் பக்கத்தில்தான்.

அந்தக் குழாய் போகும் வழியில் மேலே மேலே தெருமூடிகளைத் திறந்து உள்ளே கம்பிக் கூடைகளைத் தொங்கவிட்டார்கள். எந்தக் கூடையில் கக்கூஸ் காகிதம் சிக்குகிறதோ அந்தக் கிளையில்தான் யாருடைய கக்கூஸோ தவறுதலாகச் சேர்ந்திருக்கிறது. மாமாவின் தெரு வந்தது. வீடு வீடாகக் கக்கூஸில் சாய மாத்திரை போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தெருவில் எந்த மூடிக்குள் நிறம் வருகிறது என்று பார்ப்பார்கள். அன்று மாமா வெளியூர் போயிருந்தார். அத்தைக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. நீ கொஞ்சம் வந்து மொழிபெயர்த்துச் சொல்லு கண்ணு என்று அத்தைதான் கூப்பிட்டாள்.

முன்பக்கக் கக்கூஸ்கள் எல்லாம் சரியாக இருந்தன. பின்பக்க அறைகளுக்குப் போனார்கள். நான் ஹன்னாவோடு தெருவில் நின்றிருந்தேன். மழைத்தண்ணீர் மூடிக்குள் பச்சையாக வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீரில் கலர் தெரிந்தால் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள், பார்த்துப் பழகிப்போனது. அன்று நான் அது முழுதும் ஓடி முடிகிற வரை நின்று பார்த்தேன். அந்தச் சுவருக்கு நான் செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே போய் அத்தையிடம் சொன்னேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "மாமா வரட்டும் கண்ணு" என்றாள்.

தெரியாமல் நடந்திருக்கும் என்றுதான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பிளம்பர் ஏமாற்றியிருப்பான். இந்த ஊரில் நம்மை ஏமாற்ற ஆள் இல்லையா என்ன. கார்த்தியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

6

மறுநாள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு வாங்கும்போதே அந்தக் கக்கூஸ்கள் இருந்தன என்று ஹன்னாவிடம் சொல்லியிருக்கிறார். பழைய கட்டடமானால் தெரியாமல் வாங்கினோம் என்று தப்பிக்கலாம். அனுமதி வாங்காமல் தானே கட்டியது என்றால் குற்றம். அதற்குச் சாட்சி சொல்ல, அந்த வீட்டில் கூடத் தங்கியிருந்தவர்கள் யாராவது உண்டா என்று ஹன்னா கேட்டிருக்கிறாள். எங்களைச் சொல்லியிருக்கிறார்.

"உன்னை வந்து கேப்பாங்க. ஊடு வாங்கறப்பவே இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு கண்ணு" என்றார்.

"நாங்க இருக்கறப்பத்தானுங்க மாமா கட்டுனீங்க."

"தெரியுமே. அதனாலதான் கேக்கறேன்."

எனக்கு அப்போதும் பிளம்பர் மேல்தான் கோபம். அவன் பெயரைச் சொல்லிவிடலாமே என்றேன். மாமா அவராகவே சொன்னார். பிளம்பர் அன்றைக்கே சொல்லிவிட்டானாம். வீட்டுப் பழைய கக்கூஸ் லைன் இதையும் தாங்காது, பெரிய லைன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ரோட்டை உடைக்க வேண்டும், அனுமதி கேட்டால் அறைக்கே அனுமதி இல்லாதது தெரிந்துவிடும். பக்கத்தில் போகிற மழைக் குழாயில் இப்போதைக்குச் சேர்த்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாமாதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பிறகு வரவே இல்லை.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இனியா அங்க குளிக்கறப்ப அது உங்களுக்குத் தெரியுமுங்களா மாமா?"

"எத்தனை நாயி, எத்தனை பறவை, கம்பெனிக்காரன் வேற தொறந்து வுடறான். நம்முதுனாலதான் புள்ளைக்கு வந்துச்சுன்னு யாரு கண்டா?" என்றார். பிறகு மெதுவாக, ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார். "கடல் பெருசு, கண்ணு."

படியில் அவர் உட்கார்ந்திருந்ததும், துண்டால் அவளைச் சுற்றியதும், தலையைத் துவட்டிவிட்டதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். ஊரே கூடியிருந்த மண்டபத்தில் நான் அவருக்காகப் பேசும்போதும் தெரிந்துகொண்டேதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவர் போன பிறகு கார்த்தியிடம் கேட்டேன். நம்மை ஏற்றி வந்து வீட்டில் வைத்துக்கொண்டவர், ஆனால் இனியா நம் பிள்ளை, உனக்கு என்ன தோன்றுகிறதோ சொல் என்றார். ஹன்னா வந்தாள். எப்போது கட்டினார்கள் என்று கேட்டாள். நாங்கள் இருந்தபோது கட்டினார்கள் என்றேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அவ்வளவுதான் நான் செய்த காட்டிக்கொடுத்தல்.

7

அபராதம் போட்டார்கள். ரோட்டை உடைத்து லைனைச் சரிசெய்தார்கள். அதே தேடலில் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருடைய வீடுகளிலும் குழாய் தவறாகச் சேர்ந்திருந்தது தெரிந்தது. மழைக்காலத்தில் கம்பெனிக்காரர்கள் திறந்துவிடவும் செய்தார்கள். ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் நிலைத்தது இந்தியக்காரர் விடுதி மட்டும்தான். மார்கரெட் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் கையசைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அன்று மண்டபத்தில் கைதட்டியவள்தான். பாவம் இவளையும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறாளா, இவளும் சேர்ந்துதான் ஏமாற்றினாள் என்று நினைக்கிறாளா, தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா போனில் பேசினாள். மாமா அவளிடம் முன்பே பேசியிருந்தார். நான் சொன்ன எதையும் அவள் காதில் வாங்கவில்லை. "அவரு ஊட்டுச் சோத்தைத் தின்னுபோட்டு அவரையே காட்டிக் குடுத்துட்டியே சாமி" என்றாள். இனியா ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லாமல் போவது உலகத்தில் இல்லாததா என்றாள். அதன் பிறகு வெகுநாள் நாங்கள் சாப்பாடு, வெயில், மழை இவற்றைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டோம்.

போன மாதம், ஆவணியில், என் தம்பி கல்யாணம். பல்லடத்தில் மண்டபம். பள்ளி விடுமுறை முழுவதும் இனியாவோடு ஊரில் இருந்தேன். அவளுக்கு ஊர் பிடித்துவிட்டது. பெரியம்மா பேத்திகளோடு பொங்கலூரிலும் அருள்புரத்திலும் மாறி மாறிச் சுற்றி, கொண்டுபோன ஆங்கிலத்தையெல்லாம் அங்கேயே தொலைத்துவிட்டாள். மாமாவும் அத்தையும் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். மாமன் சீரை அவர்தான் செய்தார். மேடையில் அவரைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். நான் வரும் பக்கம் பேச்சு அடங்கியது. அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அன்று அந்த மண்டபத்தில் உட்கார இடம் தெரியவில்லை.

பந்திக்குப் போகும் முன் கைகழுவும் இடத்தில் அத்தை என்னைத் தேடி வந்தாள். மெலிந்து போயிருந்தாள். என் தோளைத் தொட்டாள்.

"எம்மேல கோவமா கண்ணு?"

இல்லை என்றேன். அது உண்மைதான். எனக்கு மாமா மேல்தான் எல்லாம். அத்தைக்கு என்ன தெரியும், குழாயும் லைனும் ஆண்பிள்ளைகள் விவகாரம், அவளும் என்னைப் போல ஏமாந்தவள் என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

"நான் புள்ளைகிட்ட அப்பவே சொன்னேன் சாமி" என்றாள். "அந்தக் கொழா முனையில எறங்காத, பாசி வழுக்கும்னு சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். அதுக்கு மேல எப்படிச் சொல்லுவேன்? ஊட்டுக்காரரைப் பத்தி நானே எப்படிச் சொல்லுவேன்?"

குழாய்த் தண்ணீர் கையில் ஓடிக்கொண்டே இருந்தது, மூடக்கூடத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் இவள் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பாதங்கள்தான் கண் முன்னால் வந்தன. பெற்ற பிள்ளை இல்லாத குறையை என் மகளை வைத்துத் தீர்த்துக்கொண்டவள். இனியாவுக்கு வந்தது எதனால் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் எதனால் வரக்கூடும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு முன்பே தெரிந்திருந்தது இவளுக்குத்தான்.

இனியா கைகழுவ வந்து பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். நாங்கள் பேசியது அவளுக்கு விளங்கியிருக்காது என்று நினைத்தேன். அத்தை அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, மோவாயைப் பிடித்து, இப்பவும் கடல்ல நீச்சலடிக்கறயா கண்ணு என்று கேட்டாள்.

"இல்லீங்க" என்றாள் இனியா. அவள் கையை நீக்கவில்லை. "பாசின்னு சொன்னீங்க. நான் நம்பி, அங்கயே வழுக்காத பக்கமாப் பாத்து எறங்குனேனுங்க."

அத்தையின் கை தானாக இறங்கியது. இனியா கையைத் துடைத்துக்கொண்டு, பெரியம்மா பேத்திகளோடு பந்தியில் போய் உட்கார்ந்தாள். அந்த நாள் வரை அவள் அம்மாயியை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.